அக்யூட் என்றால் எவ்வளவு?

ராத்திரி பத்தரை மணிக்கு ராஜபாளையத்திலிருந்து அத்தை போன். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. "ஏய்யா, பேரனுக்கு அக்யூட்னு எழுதிட்டாங்கய்யா." அக்யூட்டுக்கு அடுத்த சொல் என்ன என்று கேட்டேன். நீளமாக இருக்கிறது, வாசிக்க வரவில்லை என்றார். சீட்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தது: 'அக்யூட் காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்'. பையனுக்குக் காலையிலிருந்து வயிற்றால் போகிறது, இரண்டு தடவை வாந்தி. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்து, குடிக்க மாட்டேன் என்று துவண்டு படுத்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"இப்ப என்ன பண்றான்?"

"டிவி பாத்துக்கிட்டிருக்கான். அதான்யா பயமா இருக்கு. இவனுக்குப் போயி அக்யூட்டா?"

சமாதானம் சொல்லிவிட்டு, போனை வைக்கும் முன் மாமாவைப் பற்றிக் கேட்டேன். அவருடைய ஃபைலில் இரண்டு வருஷமாக 'க்ரானிக் கிட்னி டிசீஸ்' என்று இருக்கிறது. "அவருக்கென்ன, அது க்ரானிக்தானே. நல்லா நடந்து போயி பேப்பர் வாங்கிட்டு வர்றாரு" என்றார் அத்தை.

ஒரே வீட்டில் இரண்டு ஆங்கிலச் சொற்கள். இரண்டையும் எடைக்கல் என்று நினைத்து, பயத்தை எடுத்துத் தப்பான தட்டில் வைத்துவிட்டார்கள். அத்தையைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. மருத்துவக் கட்டுரைகளைத் தமிழாக்கும் வேலைக்கு வந்த புதிதில், அக்யூட் வந்த இடத்திலெல்லாம் 'கடுமையான' என்று போட்டுக்கொண்டே போனவன் நான். எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தினேனோ.

அக்யூட் என்ற சொல்லுக்கு எடை கிடையாது. அது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். நோய் சட்டென்று வந்தது, மளமளவென்று ஏறும், நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஒரு பக்கம் முடிந்துவிடும். எந்தப் பக்கம் முடியும் என்பது அந்தச் சொல்லுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய பத்தாம் பதிப்பைப் புரட்டினால் ஜே00 என்ற குறியீட்டுக்கு நேரே 'அக்யூட் நேசோஃபாரிஞ்சைட்டிஸ்' என்று இருக்கும். வேறொன்றுமில்லை, ஜலதோஷம். அதே பட்டியலில் மாரடைப்பும் அக்யூட்தான். மூக்கொழுகலுக்கும் மாரடைப்புக்கும் ஒரே அடைமொழியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த அடைமொழி எதைச் சொல்லவில்லை என்று புரிந்துவிடும்.

சொல் பிறந்த இடம் லத்தீன். அங்கே 'அக்யூட்டுஸ்' என்றால் கூராக்கியது. 'அக்குஸ்' என்றால் ஊசி. அக்குபங்சருக்குள் இருப்பது அந்த ஊசிதான். பள்ளிக்கூடத்து அக்யூட் ஆங்கிளும் இந்தக் குடும்பம். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்குக் குறுங்கோணம் என்று பெயர். இலங்கைப் பாடநூலில் கூர்ங்கோணம். ஒரு பக்கம் அளவைப் பார்த்தார்கள், மறுபக்கம் முனையைப் பார்த்தார்கள். மருத்துவத்தின் அக்யூட்டில் இந்த இரண்டும் உண்டு. கூராக வரும், குறுகிய காலம் இருக்கும். கோணத்துக்கு நாம் கண்டுபிடித்த இத்தனை நல்ல சொற்களில் ஒன்றைக்கூட நோய்க்குக் கொண்டுபோகாமல் 'கடுமை'யில் போய் விழுந்தோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

குடும்பத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். லத்தீனின் 'கூர்க்காய்ச்சல்' பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'ஏக்யூ' ஆயிற்று. சதுப்பு நிலத்து மக்களை நடுக்கியெடுத்த மலேரியாக் காய்ச்சலுக்கு அங்கே அதுதான் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அக்யூட்டின் தலையெழுத்தை வெட்டிவிட்டு, சூட்டிகையான ஆளை 'க்யூட்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு அமெரிக்காவில் அது அழகைக் குறிக்கப் போய், இன்று பூனைக்குட்டிப் படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. கிரேக்கர்கள் இதே கூர்மைக்கு 'ஆக்சிஸ்' என்பார்கள். புளிப்புக்கும் அவர்களுக்கு அந்தச் சொல்தான். அமிலத்தின் புளிப்புக்கு இந்த வாயுதான் காரணம் என்று தப்பாக நினைத்த லவாய்சியே, அதற்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். மூச்சுத்திணறலோடு வருகிறவரின் முகத்தில் மாட்டும் வாயுவின் பெயரிலும் அவரை வதைக்கும் நோயின் அடைமொழியிலும் ஒரே கூர்மை.

ஹிப்போக்ரட்டிஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில் ஒன்று, கூர்நோய்களுக்கு என்ன உணவு கொடுப்பது என்பதைப் பற்றியது. சுமார் 2,400 வருஷத்துக்கு முந்தியது. அதன் பெரும்பகுதி எதைப் பற்றிப் பேசுகிறது தெரியுமா? கஞ்சி. பார்லிக் கஞ்சியை வடிகட்டிக் கொடுப்பதா, பருக்கையோடு கொடுப்பதா, எந்த நாளில் ஆரம்பிப்பது என்று பக்கம் பக்கமாக வாதம் நடக்கிறது. நம் பாட்டிகள் யாராவது அங்கே இருந்திருந்தால் நடுவராக உட்கார்ந்திருப்பார்கள். நிமோனியா, விலாவலியோடு வரும் நுரையீரல் உறை அழற்சி, கொதிக்கும் காய்ச்சல் ஆகியவற்றையே அவர்கள் கூர்நோய் என்றார்கள். அவை பதினான்கு நாளுக்குள் முடிவுக்கு வந்துவிடும் என்று அதே மரபின் இன்னொரு நூல் கணக்குச் சொல்கிறது.

முடிவுக்கு வரும் அந்தத் தறுவாய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'க்ரிசிஸ்'. தீர்ப்பு என்று பொருள். நோய்க்கும் உடம்புக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்பு நாள். இது வெறும் கற்பனையாகத் தோன்றலாம். ஆனால் ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் நிமோனியாவைப் பார்த்த மருத்துவர்கள் எல்லோருக்கும் அந்த நாளைத் தெரியும். ஏறக்குறைய ஒரு வாரம் காய்ச்சல் இறங்காமல் நின்று எரியும். ஒரு ராத்திரி, சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வியர்த்துக்கொட்டி, சூடு தடாலென்று இறங்கும். பிழைத்தார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அந்த வாரத்தோடு கதை முடிந்திருக்கும். 'வேர்த்து விட்டிருச்சு, இனி பயமில்லை' என்று நம் வீடுகளில் சொல்வதும் அதே தீர்ப்பைத்தான். இந்த க்ரிசிஸின் பிள்ளைதான் 'கிரிட்டிக்கல்'. தமிழ்ப் பத்திரிகைகள் அதைக் 'கவலைக்கிடம்' என்று எழுதும். யார் முதலில் உருவாக்கினாரோ தெரியாது, நல்ல கை. மருத்துவ மொழிபெயர்ப்பில் இப்படி அமைவது அபூர்வம்.

அமையாதவற்றுக்கு உதாரணம் 'தீவிரம்'. ஒரே நாளிதழில் ஒரே பக்கத்தில் 'தீவிரக் காய்ச்சல்', 'தீவிர சிறுநீரக பாதிப்பு', 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று மூன்றும் வரும். முதலாவது சிவியர், இரண்டாவது அக்யூட், மூன்றாவது இன்டென்சிவ். முதலாவதில் நோய் பெரிது. இரண்டாவதில் நோய் திடீர். மூன்றாவதில் பெரிதாக இருப்பது சிகிச்சை. வாசகர் மூன்றையும் ஒரே பயத்தோடு படிக்கிறார். 2003இல் சார்ஸ் வந்தபோது இந்தக் குழப்பம் அம்பலமானது. அந்தப் பெயரின் முதல் இரண்டு சொற்கள் சிவியர், அக்யூட். இரண்டுக்கும் கடுமை என்றே பழகிய மேசையில் 'கடுமையான கடுமையான சுவாச நோய்க்குறி' என்று எழுத வேண்டிய நிலை. உலக சுகாதார நிறுவனம் ஒரே பெயரில் இரண்டையும் வைத்தது வாய்தவறி அல்ல. சில நாளில் முற்றுவதால் அக்யூட். நுரையீரலையே அடித்துச் சாய்ப்பதால் சிவியர். அந்த நோய் கண்ட எட்டாயிரத்துச் சொச்சம் பேரில் 774 பேர் இறந்தார்கள்.

கடிகாரம் என்றேன். ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே கடிகாரம் இல்லை. பெரியவர்களின் இருமல் மூன்று வாரத்துக்குள் என்றால் அக்யூட். எட்டு வாரம் தாண்டினால் க்ரானிக். நடுவில் இருப்பதற்கு சப்-அக்யூட் என்று தனிப் பெயர். வயிற்றுப்போக்குக்குப் பதினான்கு நாள். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்கு ஆறு மாதம். அதற்கு மேலும் ரத்தத்தில் இருந்தால் க்ரானிக்.

இந்த ஹெப்படைட்டிஸ் பி-யைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் பல சமயம் ஆளைப் புரட்டிவிடும். கண் மஞ்சளாகும், சோறு பிடிக்காது, படுத்த படுக்கை. கல்லீரலில் இத்தனை ரகளை செய்வது வைரஸ் அல்ல, வைரஸ் புகுந்த செல்களைத் தேடித்தேடி அடிக்கும் நம் நோயெதிர்ப்புப் படைதான். அடித்துத் துரத்தியும் விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே வைரஸ் தங்குகிறது. இப்போது அதே வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பச்சைக் குழந்தைக்குப் போகிறது என்று வையுங்கள். ஒன்றும் நடக்காது. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும். அதன் உடம்புக்கு வந்தவன் அந்நியன் என்றே தெரியவில்லை. இப்படித் தொற்றிய நூறு குழந்தைகளில் ஏறக்குறைய தொண்ணூறு பேரிடம் வைரஸ் நிரந்தரமாகக் குடியேறிவிடும். முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கல்லீரல் சுருங்கும்போதோ அங்கே புற்றுநோய் வரும்போதோதான் வீட்டில் ஆள் இருந்ததே தெரியும். ஆர்ப்பாட்டம் செய்தது போய்விட்டது. சத்தமே போடாதது தங்கிவிட்டது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் போடும் அந்த ஊசி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சொல் பழையதாகிப்போய் நோய் மாறிவிட்ட கதையும் ஒன்று உண்டு. ரத்தப் புற்றுநோய்களை அக்யூட், க்ரானிக் என்று பிரித்தபோது மருந்து என்று ஒன்றுமில்லை. விட்டுவிட்டால் எத்தனை நாள் தாங்குவார் என்பதே கணக்கு. வாரங்களிலோ மாதங்களிலோ கொண்டுபோனால் அக்யூட், வருஷங்கள் எடுத்துக்கொண்டால் க்ரானிக். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அக்யூட் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகள் தேறினார்கள். தற்காலிகமாகத்தான், ஆனால் அதுவரை அந்த நோய் எந்த மருந்துக்கும் அப்படி இறங்கிவந்ததில்லை. மருந்தைச் செய்து கொடுத்தது லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. கோதாவரி டெல்டாவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே நியூயார்க்கில் காலமாகிவிட்டார்.

இன்று வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளின் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை பிழைக்கிறார்கள். சிகிச்சையே இரண்டு மூன்று வருஷம் நடக்கிறது. பெயர் மட்டும் இன்னும் அக்யூட். க்ரானிக் மைலாய்ட் வகைக்கு 2001இல் வந்த இமாட்டினிப் தினசரி மாத்திரையாகி, சர்க்கரை நோய் மாதிரி வருஷக்கணக்கில் கூட வருகிறது. ஆக, அக்யூட் அடியோடு போகக்கூடியது, க்ரானிக் அடக்கிவைக்கக்கூடியது என்று பெயர்களின் பயம் தலைகீழாகிவிட்டது. அத்தையின் தப்பை இங்கிலாந்துக்காரர்களும் செய்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். அங்கே பேச்சுவழக்கில் படுமோசமான எதையும் க்ரானிக் என்பார்கள். சாப்பாடு க்ரானிக், மழை க்ரானிக்.

அப்படியானால் நோயின் எடையை எந்தச் சொல் சொல்கிறது? மைல்டு, மாடரேட், சிவியர் என்ற வரிசை. இதுவும் நாம் நினைக்கிற தராசு இல்லை. கோவிட் காலத்தில் 102 டிகிரி காய்ச்சலில் எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரிக் கிடந்தவரிடம் 'உங்களுக்கு மைல்டுதான்' என்றபோது எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! இந்தியாவில் வழிகாட்டு நெறிமுறை பார்த்தது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் மூச்சின் எண்ணிக்கையையும். 94க்குக் குறையாமல், மூச்சுத்திணறலும் இல்லாமல் இருந்தால் மைல்டு. 90க்குக் கீழே போனால் சிவியர். உடம்பு படும் பாடு அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மறுபுறம், ஆக்சிஜன் 80இல் நிற்க, கட்டிலில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தோம். அவர்கள் வலியின் கணக்கில் மைல்டு, ஆக்சிமீட்டரின் கணக்கில் சிவியர்.

டெங்கு இன்னும் தந்திரசாலி. காய்ச்சல் கொதிக்கும் மூன்று நான்கு நாள் எல்லோரும் பயப்படுவார்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டில் நிம்மதி. உண்மையில் சிவியர் டெங்கு தலைகாட்டுவது அப்போதுதான். சூடு இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, அழுத்தம் விழுகிறது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசந்து அசந்து தூக்கம் என்பவை அதன் முன்னறிவிப்பு. நாமோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி 'ப்ளேட்லெட் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு சொல், நம் ஊரில் மிக நீண்ட காலம் உழைத்த சொல். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' தந்தி வந்தால் தெருவே வாசலில் கூடும். பாதி வீடுகளில் அந்தத் தந்தி அடிக்கப்பட்டபோதே அப்பா போயிருப்பார். பயணத்தில் பிள்ளை உடைந்துவிடக் கூடாதே என்று சீரியஸ் என்ற சொல்லைப் போர்த்தி அனுப்புவார்கள். 2013 ஜூலையோடு தந்தியே போய்விட்டது. சீரியஸ் போகவில்லை. மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் உலகத்தில் இந்தச் சொல்லுக்கு 1994இல் ஒரு சர்வதேச வழிகாட்டி கறாராக எல்லை போட்டது. உயிர்போதல், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்க நேர்தல், நிரந்தர ஊனம், பிறக்கும் குழந்தையின் குறைபாடு போன்றவை இருந்தால்தான் சீரியஸ். மண்டையைப் பிளக்கும் தலைவலி சிவியராக இருக்கலாம், சீரியஸ் ஆகாது. ஒன்று இப்போது எவ்வளவு உக்கிரம் என்று பார்க்கிறது, மற்றது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்கிறது.

மறுநாள் மாமாவைக் கூப்பிட்டேன். சிறுநீரகத்தில் இந்த இரண்டு சொற்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று சொன்னேன். பாம்பு கடித்தோ எலிக்காய்ச்சல் வந்தோ, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியோ சிறுநீரகம் திடீரென்று நின்றால் அது அக்யூட். பார்க்கவே பயங்கரம்; நாலைந்து நாளில் கிரியாட்டினின் ஆறு, ஏழு என்று ஏறும். ஆனால் சில டயாலிசிஸில் தாண்டி, சில வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறவர்கள் நிறையப் பேர். க்ரானிக் என்று எழுத மூன்று மாதம் பார்த்திருக்க வேண்டும். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். செத்தது செத்ததுதான், புதிதாக முளைக்காது. மிச்சம் இருப்பவை செத்தவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வதால் பாதிக்கு மேல் போனாலும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. நடந்து போய் பேப்பர் வாங்கிவரலாம்.

"கடைசியா எப்ப மாமா டெஸ்ட் எடுத்தீங்க?"

"அந்த டாக்டர் எடுத்ததுதான் மாப்ளே. ரெண்டு வருஷம் இருக்கும்."

"வேற மாத்திரை ஏதாவது?"

"முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுறதுதான். தெனமும் ஒண்ணு."

சிறுநீரகம் பழுதானவர் கேட்காமல் தொடக்கூடாத மாத்திரைகளில் வலிமாத்திரை முதல் வரிசை. நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த வாரமே டாக்டரிடம் அனுப்பினேன். வடிகட்டும் வேகம் இரண்டு வருஷத்துக்கு முன் 44 என்று ஃபைலில் இருக்கிறது. இப்போது 31. பேரன் அதற்குள் பள்ளிக்கூடம் போய் நாலு நாள் ஆகியிருந்தது.